மண்ணிலிருந்து வந்த அறுபது ஊசிகள்

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம் எங்கள் பாடசாலையின் மேற்குப் பக்கக் கூரை பாதிதான் போடப்பட்டிருந்தது. கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள சிறிய ஊர் எங்களுடையது. நான் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஆய்வுகூடம் என்று எங்களிடம் இருந்தது ஓர் அலுமாரி. அதற்குள் பதினான்கு சோதனைக் குழாய்கள். அவற்றிலும் மூன்று கீறல் விழுந்தவை.

மண்ணில் வாழும் பற்றீரியாக்களைப் பற்றிப் பாடம் வந்தது. ஒரு கரண்டி மண்ணில் இந்த ஊர் மக்கள் தொகையைவிட எத்தனையோ மடங்கு உயிர்கள் இருக்கின்றன என்று சொன்னால் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்களே தவிர நம்பவில்லை. எண்ணிக் காட்டாத எதையும் நானும் நம்பாதவன்தான். எனவே அவற்றை வளர்த்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். பற்றீரியா வளர ஒரு வகைக் கட்டிக்கூழ் வேண்டும். அது கடற்பாசியிலிருந்து செய்யப்படுவது. எங்கள் ஊரில் கடற்பாசி இல்லாத வீடு ஏது? நோன்பு திறக்கும் நேரத்துக்குக் காய்ச்சி வெட்டி வைக்க வாங்கியதில் மிச்சமாக இரண்டு பிடி எங்கள் அடுக்களையிலும் இருந்தது.

என் மனைவி அதை இறைச்சிச் சாற்றில் காய்ச்சித் தந்தாள்.

"இஞ்சாருங்க, சீனியுமில்ல, பாலுமில்ல. எறச்சிச் சாறு ஊத்திக் கடப்பாசி. இத ஆரு திங்கிற?"

"மண்ணுக்குள்ள இரிக்கிறதுகள் தின்னும் புள்ள."

"அப்ப அதுகளும் நோம்பு புடிச்சதா?"

கோப்பைக்கு அடியில் வைக்கும் பன்னிரண்டு தேநீர்ப் பீரிசுகளில் ஊற்றி ஆறவைத்தோம். வயல்வெளியான வட்டையில் முதல் மழைக்குப் பிறகு உழுத வயலிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஒவ்வொரு பீரிசிலும் மூன்று துளி விட்டு, மேலே இன்னொரு பீரிசைக் கவிழ்த்து மூடினேன். ஐந்தாம் நாள் திறந்து பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக அம்மை போட்டது போல் கிடந்தன. ஏழாவது பீரிசில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்புத் தூள் தூவியது போல் காய்ந்து, உயர்ந்து நின்றது. அதைச் சுற்றி ஒரு வளையத்துக்குள் வேறு எதுவும் முளைக்கவில்லை. அளந்தேன். நான்கு மில்லிமீற்றர்.

"இது தன்னைச் சுற்றி ஒரு மருந்தைக் கசிய விடுகிறது. மற்றவை கிட்ட வரமுடியாமல் நிற்கின்றன. இதன் இனத்திலிருந்துதான் கசநோய்க்கு ஊசி மருந்து எடுத்தார்கள்" என்று வகுப்பில் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். அது ஊசி மருந்து தரும் இனம்தானா என்று எனக்கு உண்மையில் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

அந்தப் பீரிசை வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் மனைவி மூக்கருகே பிடித்து, "மழ பெஞ்ச மணம்" என்றாள். அது சரிதான். மழை மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பற்றீரியாக்கள் விடுவது. படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று புத்தகம் வேண்டியிருந்தது. அவளுக்கு மூக்குப் போதுமாக இருந்தது.

தேநீர்க்கடையில் எனக்கு 'மண் மாஸ்டர்' என்று பெயர் விழுந்தது. "மண் மாஸ்டர், இண்டைக்கு எந்த வட்டைக்குப் பயணம்?" என்பார்கள். கோபப்படுவது போல் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இதை எழுதுவது அவசியம். பின்னால் நடந்ததில் அந்த மகிழ்ச்சிக்கும் பங்கு உண்டு.

அடுத்த வருடம் என் மனைவிக்கு இருமல் தொடங்கியது. மூன்று வாரம் தேனும் இஞ்சியும் கொடுத்தோம். மாலையில் மெல்லிய காய்ச்சல். காப்பு முழங்கை வரை ஏறிப்போகும் அளவுக்கு மெலிந்தாள். கல்முனைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ச் சளியைக் கொடுத்தோம். கசநோய் என்று வந்தது.

டொக்டர் நிதானமான மனிதர். விழுங்கும் குளிசைகள் ஒன்றரை வருடம் வரை போகும், முதல் அறுபது நாள் தினம் ஓர் ஊசி என்றார். ஊசியின் பெயரைச் சொன்னார்: ஸ்ரெப்ரோமைசின், நான் வகுப்பில் சொன்ன அதே மண் மருந்து. மனைவிக்குக் கசம் என்று கேட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அந்தப் பெயரைக் கேட்டதும் என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பதினான்கு மருந்துக் குப்பிகளும், அறுபது கட்டங்கள் போட்ட ஓர் அட்டையும், எங்கள் ஊர் மருந்தகத்து மருந்தாளருக்கு ஒரு கடிதமும் தந்தார். மருந்தாளர் தினமும் ஊசி போட்டுக் கட்டத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பதினான்கு நாளுக்கு ஒருமுறை நாங்கள் கல்முனைக்கு வந்து அட்டையைக் காட்டி அடுத்த குப்பிகளை வாங்க வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு விளக்கினேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அந்தப் பீரிசில இரிந்ததா எனக்குள்ள போகப் போகுது?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி ஓய நெடுநேரம் எடுத்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். நானும் மாமி வீட்டில்தான் இருந்தேன். அதே வளவுக்குள் மனைவியின் தங்கைக்கு வீடு கட்டி, சுவர் பூசும் கட்டத்தில் இருந்தது. மாப்பிள்ளையும் பேசியாகிவிட்டது. கடிதத்தை நான் வாசித்துக் காட்டியதும் மாமி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மருமகன், மருந்தாளர் ஆரெண்டு தெரியுந்தானே? மாப்பிளைக்குத் தாய்மாமன். கசமெண்ட சொல்லு இந்த வேலியத் தாண்டினா எண்ட சின்னவள்ட கலியாணம் நிண்டு போகும்."

"கடிதத்தக் குடுக்காம ஊசி எப்பிடி மாமி போடுற?"

"ஒங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்."

மாமி அதைக் கேலியாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். நான் உண்மையாகவே எடுத்துக்கொண்டேன். ஆசிரியர் கலாசாலையில் முதலுதவி படித்தவன். கல்முனைக் கடையொன்றில் கண்ணாடிச் சிரிஞ்சும் ஆறு ஊசிகளும் வாங்கினேன். பப்பாளிக்காய் ஒன்றில் இருபது தரம் குத்திப் பழகினேன். கொதிநீரில் பதினைந்து நிமிடம் அவித்து, குப்பிக்குள் தூளைக் கரைத்து, காற்றுக் குமிழை வெளியேற்றி, பிஸ்மி சொல்லி முதல் ஊசியைப் போட்டேன். அவள் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொண்டாள். பிறகு அட்டையின் முதல் கட்டத்தில், மருந்தாளர் வைக்க வேண்டிய இடத்தில், அவருடைய கையெழுத்தை நான் வைத்தேன். மாணவர் முன்னேற்ற அட்டைகளில் பிள்ளைகளே போட்ட பெற்றோர் கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் பொய் என்று பிடித்துவிடுகிற நான்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த ஆங்கிலத் துண்டு ஒன்று இருந்தது. முதல் நாளே அதை முழுக்க வாசித்தேன். வாசித்ததைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதினேன், அவளும் வாசித்துப் பார்க்கட்டும் என்று. எத்தனை கிராம், எப்படிக் கரைப்பது, குளிர்ந்த இடத்தில் வைப்பது, எல்லாம் பதினொரு வரிகள். பன்னிரண்டாவது வரியை எழுதவில்லை. இந்த மருந்து செவி நரம்பைத் தாக்கக்கூடும், காதில் இரைச்சலோ தலைச்சுற்றோ கண்டால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்பது அந்த வரி. அவள் வீணாகப் பயப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இருபது ஊசிக்குள் காய்ச்சல் விட்டது. முப்பதாவதில் இருமல் அநேகமாக நின்றது. சோறு கேட்டுச் சாப்பிட்டாள். மாமி என்னைப் பார்க்கும் பார்வையே மாறியது. நான் வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்தேன்.

முப்பத்துநாலாவது ஊசி போட்ட அன்று, குப்பியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"காதுக்குள்ள என்னவோ இரையிது. புட்டு வேகக்குள்ள ஆவி வருமே, அது மாதிரி."

அப்போது மாரி. சூறாவளியில் தென்னைகள் விழுந்துவிட்டதால் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மறைப்பே இல்லை. வீட்டுப் படியிலிருந்து அலை நனைக்கும் இடம் வரை இருநூற்றுப் பன்னிரண்டு அடிவைப்பு. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் எல்லார் காதிலும் இரைச்சல்தான். கடையில் நின்று சாமான் கேட்பதற்கும் கத்த வேண்டும்.

"கடல்தான் புள்ள. வேறென்ன?"

"கடலு எனக்குத் தெரியாதா? இது காதப் பொத்தினாலும் கேக்கிது."

"பொத்தினாலும் கடல் கேக்கும்."

மாமியும் ஆமோதித்தார். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அது எளிதில் வந்துவிடும் பிழை. மாமி உண்மையிலேயே கடல் என்று நம்பினார். எனக்குப் பன்னிரண்டாவது வரி கண்முன் நின்றது. அடுத்த நாள் முப்பத்தைந்தாவது ஊசியைப் போட்டேன்.

நாற்பத்திரண்டாவது ஊசிக்குப் பிறகு கல்முனைக்குப் போனோம். டொக்டர் அட்டையைப் பார்த்து, "மருந்தாளர் ஒரு நாளும் தவற விடயில்ல, நல்ல மனுசன்" என்றார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து, "காது எப்படி? இரைச்சல், தலைச்சுத்து ஏதும் இருக்கா?" என்றார்.

எங்கள் ஊரில் அந்நிய ஆணான டொக்டர் கேட்கும் கேள்விக்குப் பெண் பதில் சொல்வது வழக்கமில்லை. உடன் போன ஆண்தான் சொல்வான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினாள், நான் சொல்வதற்காக.

"இல்ல டொக்டர்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

ஏன் சொன்னேன் என்பதைப் பல வருடமாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். இருக்கிறது என்று சொன்னால் டொக்டர் மருந்தாளரை விசாரிப்பார். மருந்தாளருக்கு எதுவுமே தெரியாது. நாற்பத்திரண்டு பொய்க் கையெழுத்தும் வெளியே வரும், கசமும் வெளியே வரும், மைத்துனியின் கலியாணமும் போகும். இது ஒரு காரணம், சொல்லிக்கொள்ளக்கூடிய காரணம். ஊசியை இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்குமோ என்ற பயம் இன்னொன்று. அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. மூன்றாவதில் நியாயமே இல்லை. அறுபது கட்டமும் நிரம்ப வேண்டும் என்று எனக்கு இருந்தது. என் பீரிசில் வளர்ந்த உயிரின் மருந்து, என் கையால், ஒரு நாள் பிசகாமல் அறுபது. அதை நாற்பத்திரண்டோடு விட எனக்கு மனம் வரவில்லை.

ஐம்பதுக்குப் பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நோய் தந்த பலவீனம் என்று நான் வீட்டாரிடம் சொன்னேன். அறுபதாவது கட்டத்தில் கையெழுத்து வைத்த அன்று பாயசம் காய்ச்சினோம். சளி சுத்தம் என்று வந்தது. நோய் போனது உண்மை. பிறகு ஒருநாளும் அது திரும்பி வரவுமில்லை.

ஒன்றரை மாதத்தில் மைத்துனியின் கலியாணம். எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலுக்கு வரும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றி மூன்று தரம் குரவை போடுவார்கள். என் மனைவியின் குரவைக்கு ஊரில் பெயர் இருந்தது. அவள்தான் முதலில் எடுப்பாள், மற்றவர்கள் பின்னால் சேர்வார்கள். அன்றும் அவளை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில், திரையோரமாக நின்ற எனக்கு அவள் முகம் தெரிந்தது.

மாப்பிள்ளை வந்தார். யாரோ ஒருத்தி பொறுமையிழந்து குரவையை எடுத்தாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். என் மனைவி சும்மா நின்றாள். மூன்றாவது குரவையும் முடியும் தறுவாய். அப்போதுதான் அவள் பக்கத்தில் நின்றவளின் வாயைப் பார்த்திருக்க வேண்டும். திடுக்கிட்டு, தனியாக, உரத்த குரலில் ஒரு குரவை போட்டாள். கூடம் அடங்கியிருந்த நேரம். அந்தக் குரல் கூரைவரை போய் நின்றது.

"என்னகா, மாப்பிள உள்ளுக்கு வந்து பாயிலயும் இரிந்திட்டார், நீ இன்னும் வாசல்லயா நிக்கிறாய்?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு அவளும் சிரித்தாள்.

கூர்மையான சத்தங்களைத்தான் அந்த மருந்து முதலில் எடுத்துக்கொள்ளும். பறவைகள், காப்புச் சத்தம், குரவை. தடித்த சத்தங்கள் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தன.

சாப்பாடு முடிந்த பிறகு அவள் அறைக்குள் வெற்றிலை வட்டாவை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கேட்டாள். காது குறைந்தவர்கள் பேசும் உரத்த குரல் அப்போதே வந்துவிட்டிருந்தது.

"டொக்டர் காதக் கேட்டாரே, நீங்க ஏன் இல்லையெண்டு சென்னீங்க?"

திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாய்மாமன், அந்த மருந்தாளர், புகையிலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அறுபதும் முடியட்டும் எண்டுதான் புள்ள" என்றேன், மெல்ல.

"என்ன? கேக்கல்ல."

மெல்லச் சொன்னால் அவளுக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்கும்படி சொன்னால் கலியாண வீடு முழுக்கக் கேட்கும். எவ்வளவு பெரிய பிழையையும் காதோடு காதாகச் சொல்லித் தீர்த்துக்கொள்ளும் வசதி ஒரு கணவனுக்கு உண்டு. அந்த வசதியை நானே இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

"ஒண்டுமில்ல" என்று கையை அசைத்துக் காட்டினேன்.

அந்த மாதம் நான் தனியாகக் கல்முனைக்குப் போய் டொக்டரிடம் அவளுக்குக் காது கேட்பதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டார். "இரைச்சல் தொடங்கினவுடன சொல்லியிருந்தா ஊசிய நிப்பாட்டி வேற குளிச தந்திருப்பம் மாஸ்டர். அதாலயும் கசம் சுகமாகியிருக்கும். போன காது இனித் திரும்பாது." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாத நோயாளிகள் என்று எங்களை நினைத்துக்கொண்டார். நான் அதையும் திருத்தவில்லை.

எங்கள் மூன்று பிள்ளைகளும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். உம்மாவின் முன்னால் வந்து நின்று, முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும் என்று பழகி வளர்ந்தார்கள். ஊருக்கு அவள் 'செவிட்டு டீச்சரம்மா' ஆனாள். ஒருநாளும் படிப்பிக்கப் போகாதவள் அவள். பட்டத்தில் பாதி என்னுடையது.

அந்தப் பாடத்தை நான் வருடா வருடம் நடத்தினேன். பீரிசுகளையும் வைத்தேன். கடற்பாசியை மட்டும் நானே காய்ச்சிக்கொண்டேன். எண்பதுகளின் நடுவில் ஒருநாள், பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்டது:

"சேர், பற்றீரியாவக் கொல்ற மருந்து மனிசனுக்கு ஒண்டும் செய்யாதா?"

"இல்ல, சரியான அளவில குடுத்தா ஒண்டும் செய்யாது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'இல்ல' எனக்குக் கேட்டது. டொக்டர் முன்னால் சொன்ன அதே குரல், அதே வேகம். நாற்பத்தொரு பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியதை வெட்டச் சொன்னேன். சரியான அளவிலும் சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்று எழுதச் சொன்னேன். ஏன் சேர் என்று கேட்டார்கள். மணி அடித்தது.

வீட்டுக்கு வந்து கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினேன். ஆறு வருடமாக இந்த வழி இருந்தது. அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள், நன்றாக வாசிப்பாள். கத்தவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது எனக்குத் தோன்றாமல் இல்லை. நான்தான் எழுதவில்லை.

நான்கு வரி. முப்பத்துநாலாவது ஊசியன்று நீ சொன்ன இரைச்சல் மருந்தால் வந்தது. மருந்து அப்படிச் செய்யக்கூடும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். டொக்டரிடம் இல்லை என்றது பொய். அவருக்குச் சொல்லியிருந்தால் மருந்தை மாற்றியிருப்பார்.

அவள் அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். விரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தாள். முடித்து, மறுபடி முதல் வரிக்குப் போனாள்.

"முப்பத்துநாலா?"

தலையாட்டினேன்.

"அப்ப மிச்சம் இருபத்தாறு."

கேள்வியாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னாள். அடிவைப்புகளையும் குளிசைகளையும் பிள்ளைகளின் தலைகளையும் எண்ணுகிற நான், அந்த ஒரு கழித்தலை ஆறு வருடத்தில் செய்து பார்த்திருக்கவில்லை. தெரிந்துகொண்டே போட்ட ஊசிகள் இருபத்தாறு.

"ஒண்டுக்குப் பிறகு ஒண்டு, தெரிஞ்சிக்கிட்டு" என்றாள். அந்த உரத்த குரலில். முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அவளுக்கு நான் சொல்வது கேட்காது என்பது இருவருக்கும் தெரியும். தாளை எனக்கு நீட்டினாள்.

"இத நீங்க வெச்சிக்கிங்க. எனக்கு வாசிச்சது போதும்."

பிறகு குந்தியிருந்து, விட்ட இடத்திலிருந்து மீனை வெட்டத் தொடங்கினாள்.